குருமனையைக் காலி செய்யுமுன்

ஐயா, 14 ஆண்டுகள் திருச்சபைச் சேகரத்தில் போதகராக ஊழியம் செய்தபின் விசுவாசம் இற்றுப்போய்விட்டது, ஆனால் திருச்சபை தந்த வீடான குருமனையின் சாவியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளுடன் எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். ராஜினாமாக் கடிதத்தைக் கடைசியில் எழுதுங்கள். சம்பளமும் வீடும் ஒரே இடத்திலிருந்து வருவதால், வாடகை வீட்டு முன்பணத்தையும் ஆறு மாதச் செலவுக்கான தொகையையும் முதலில் சேர்த்துவைத்து, சேமநல நிதிக் கணக்கையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மனைவியிடம் சொல்லிவிட்டீர்களா? எனக்கு அதுதான் கவலை. 1984இல் தம் நம்பிக்கையிழப்பை வெளிப்படையாக அறிவித்த அமெரிக்கப் போதகர் டான் பார்க்கர் உள்ளிட்டோர் 2011இல் தொடங்கிய 'கிளர்ஜி புராஜெக்ட்', உங்களைப் போன்றோரை விசாரித்த பின்னரே சேர்த்துக்கொள்ளும் தனிப்பட்ட இணையக் குழு. அங்கே புனைபெயரில் பேசலாம். துக்க வீடுகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்ட பொறுமை உங்களிடம் இருக்கிறது. மனநல ஆலோசகர் பயிற்சியில் இப்போதே சேரலாம்.