படம் திருத்த எதை வாங்கலாம்? – வாசகர் கேள்வி-பதில்

பேரன் பிறந்தநாள் படங்களில் முகமெல்லாம் இருட்டாக விழுந்திருக்கிறது. நான் கணினி பழகாதவள். ஃபோட்டோஷாப் வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறார் மருமகன்.
– குடும்பத் தலைவி, சேலம்

வேண்டாம் அம்மா. உங்கள் போனில் ஸ்னாப்சீட் போதும். கூகுள் தருவது, இலவசம். படத்தைத் திறந்து, கருவிகளில் 'செலக்டிவ்' என்பதை எடுங்கள். இருட்டான முகத்தைத் தொட்டால் ஒரு சின்னப் புள்ளி விழும். இரண்டு விரலால் விரித்தோ சுருக்கியோ, மாற்றம் எவ்வளவு தூரம் பரவலாம் என்று வையுங்கள். அப்புறம் ஒரு விரலை வலப்பக்கம் இழுங்கள். முகம் மட்டும் வெளிச்சமாகும், பின்னால் எரியும் ட்யூப்லைட் வெளுத்துப் போகாது. முடித்ததும் பிரதியாகச் சேமித்தால் அசல் படம் அப்படியே இருக்கும். மருமகன் சொல்வது இதையே தொழிலாகச் செய்பவர்களுக்குப் பொருந்தும்.

தாத்தாவின் பழைய படம் மங்கலாக இருக்கிறது. ஹெச்டி ஆக்கித் தரும் ஆப்பில் பணம் கட்டலாமா?
– வாசகர், திருச்சி

கட்டாதீர்கள். படத்தில் இல்லாத கண்ணையும் மூக்கையும் அந்த ஆப் தானாக வரைந்து ஒட்டும். அது உங்கள் தாத்தா முகமாக இருக்காது.

ஏழு நாள் இலவசம் என்று ஒரு எடிட்டிங் ஆப் போட்டேன். பிடிக்கவில்லை, இரண்டே நாளில் அழித்துவிட்டேன். அப்படியும் வருடச் சந்தா ₹2,400 கணக்கிலிருந்து போய்விட்டது. கேட்டால், நீங்கள் சம்மதித்தீர்களே என்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

உங்கள் மேல் தப்பு இல்லை, தங்கையே. ஆப்பை அழித்தால் சந்தாவும் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது போகாது. அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியவர் விற்றவர்.

முதலில் பிளே ஸ்டோரில் உங்கள் முகப்புப் படத்தைத் தொட்டு, 'பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' உள்ளே போய்ச் சந்தாவை ரத்து செய்யுங்கள். பணம் போய் 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகுளிடமே திரும்பக் கேட்கலாம். அதைத் தாண்டியிருந்தால் ஆப் நிறுவனத்துக்கு எழுதுங்கள். யூபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் யூபிஐ ஆப்பிலும் அந்த மேண்டேட்டை, அதாவது தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை, நீக்குங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாக எடுக்கும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வந்திருக்க வேண்டும். உங்கள் எஸ்எம்எஸ், மெயில் எல்லாவற்றையும் தேடுங்கள். வரவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யுங்கள்.

இந்த வியாபார முறையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. சேருவதற்கு ஒரு பொத்தான் போதும், விலகுவதற்குத் திரை திரையாகத் தேட வேண்டும். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாப் பொறி அதில் ஒன்று. அதனால் புகாரில் அந்தச் சொல்லையே எழுதுங்கள். சின்ன ஆப்கள்தான் இப்படி என்றும் இல்லை. பெரிய நிறுவனங்களிலும் மாதக் கட்டணம் பெரிய எழுத்தில் இருக்கும். அது ஒரு வருட ஒப்பந்தம், நடுவில் விலகினால் அபராதம் என்பது கண்ணில் படாத இடத்தில் இருக்கும். அபராதத்தை மறைத்தார்கள், விலகுவதைக் கடினமாக்கினார்கள் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 ஜூனில் ஃபோட்டோஷாப்பைச் செய்யும் அடோபி நிறுவனத்தின் மேலேயே வழக்குப் போட்டது. எந்த இலவசச் சோதனையில் சேர்ந்தாலும், சேர்ந்த அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்த சோதனை பெரும்பாலும் கடைசி நாள்வரை ஓடும்.

ஒரு எடிட்டிங் மென்பொருளுக்கு ஒரு வருட உரிமம் வாங்கி நாலு மாதம் ஆகிறது. என் 4 ஜிபி லேப்டாப்பில் திறந்ததும் உறைந்துவிடுகிறது. பணம் திரும்ப வருமா?
– வாசகர், மதுரை

வராது. குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும் என்று விற்கிற பக்கத்திலேயே போட்டிருக்கிறது என்று உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டும் ஏன் வாங்கினீர்கள்? சோதனைக் காலத்தில் ஏன் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை? அடுத்த வருடம் தானாகப் புதுப்பிக்காமல் நிறுத்துங்கள். அதுவரை பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீயை வைத்து வேலை பாருங்கள்.

சின்ன ஸ்டுடியோ போடுகிறேன். பாஸ்போர்ட் படம், பிறந்தநாள் பேனர். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருள் போதுமா?
– தென்காசி

போதும். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது, அதையோ அதற்குப் பிந்தியதையோ போடுங்கள். 35 × 45 மில்லிமீட்டர் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 413 × 531 பிக்சல். தேர்வு விண்ணப்பத்துக்கு இத்தனை கேபிக்குள் வேண்டும் என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும்போது முன்னோட்டத்தை 'டிக்' செய்தால், தரத்தைக் குறைக்கக் குறைக்கக் கோப்பின் அளவு அங்கேயே தெரியும்.

ஆனால் ஜிம்ப், திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கலவையான ஆர்ஜிபி நிறத்தில்தான் வேலை செய்கிறது. பிரஸ்காரர், அச்சு மையின் நான்கு நிறத்தில் அமைந்த சிஎம்ஒய்கே கோப்புதான் வேண்டும் என்றால் அஃபினிட்டி என்ற மென்பொருளைப் பாருங்கள். அதைச் செய்த செரிஃப் நிறுவனத்தை, ஆன்லைன் டிசைன் நிறுவனமான கேன்வா 2024-இல் வாங்கியது, 2025 அக்டோபரிலிருந்து இலவசம். கேன்வா கணக்கு வேண்டும், ஏஐ கருவிகளுக்கு மட்டும் பணம். எதைப் போட்டாலும் முதலில் 'கொ, கோ, கௌ' என்று அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நின்றால் அதில் தமிழ் பேனர் செய்ய முடியாது.

பென்டிரைவில் ₹500-க்கு வாழ்நாள் ஃபோட்டோஷாப் தருகிறார்கள். நம்பலாமா?
– வாசகர், ஈரோடு

புதிய ஃபோட்டோஷாப்புக்கு வாழ்நாள் உரிமம் என்று ஒன்று இல்லவே இல்லை. 2013-இலேயே அடோபி சந்தா முறைக்குப் போய்விட்டது. நானும் முன்பு ஒரு கடையில் பெட்டியோடு ஒரு எடிட்டிங் மென்பொருள் வாங்கினேன். விண்டோஸை மறுபடி நிறுவியதும், இந்த சீரியல் எண் ஏற்கெனவே வேறு ஒருவர் பெயரில் இருக்கிறது என்றது. பில் இல்லை, கடைக்காரர் கையை விரித்துவிட்டார். உங்களுக்கு இதைவிட மோசமாக நடக்கலாம், திருட்டுப் பதிப்போடு பாஸ்வேர்டு திருடும் நிரலும் வரும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் அந்தக் கணினியில் வங்கி வேலை எதுவும் செய்யாதீர்கள். பாஸ்வேர்டுகளை உங்கள் போனிலிருந்து மாற்றிவிட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள்.