வாசகர் கேள்விகள்: ஹைஃபாவை நோக்கிப் போன கப்பல்கள்

கேள்வி: 1945-லேயே போர் முடிந்துவிட்டதே, யூத அகதிகள் ஏன் அதன் பிறகும் திருட்டுத்தனமாகக் கப்பலேறினார்கள்?

பதில்: அவர்கள் போக நினைத்தது பாலஸ்தீனத்துக்கு; ஹைஃபா அதன் துறைமுகம். பாலஸ்தீனம் அப்போது பிரிட்டன் நிர்வாகத்தில் இருந்தது. 1939-இல் வெளியான வெள்ளை அறிக்கை, அதாவது பிரிட்டிஷ் அரசின் கொள்கை அறிவிப்பு, ஐந்து ஆண்டுகளுக்கு 75,000 யூதர்கள் மட்டுமே குடியேறலாம் என்றது. அந்த எண்ணிக்கை தீர்ந்த பிறகு மாதத்துக்கு 1,500 பேர் என்றார்கள். 1947 வாக்கில் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி அகதி முகாம்களில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் காத்துக் கிடந்தனர். வகுத்துப் பாருங்கள், கடைசி ஆளின் முறை வர 14 ஆண்டுகள்! ஊர் திரும்பலாம் என்றால், 1946 ஜூலையில் போலந்தின் கீல்ட்ஸே நகரில் 42 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு முகாம்களுக்கு வந்த கூட்டம் இன்னும் பெருத்தது.

கேள்வி: இந்த அகதிகளை ஏற்றிப்போன 'எக்ஸோடஸ் 1947' கடலுக்கே லாயக்கில்லாத படகு என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. அதன் பழைய பெயர் 'பிரசிடென்ட் வார்ஃபீல்ட்'. 1928-இல் கட்டப்பட்டு, அமெரிக்காவின் செசாபீக் விரிகுடாவில் பயணிகளை ஏற்றிச் சென்ற நீராவிக் கப்பல். விரிகுடா என்பதால் பெரிய அலைகளுக்காகக் கட்டவில்லை. 1947 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் இறங்கியதுமே புயலில் அடிபட்டுத் திரும்பி வந்தது.

ஆனால் அந்தக் குறையே, அகதிகளை ஏற்றிப்போக அதை வாங்கியவர்களுக்கு வசதி. கப்பல் நீரில் அமிழும் ஆழம் குறைவு. பிரிட்டிஷ் கடற்படையின் நாசகாரிப் போர்க்கப்பல்கள் நுழைய முடியாத ஆழமற்ற கரைவரை ஓட்டிப்போய் மணலில் தட்டவிட்டால், ஆட்கள் இறங்கிக் கலைந்துவிடலாம். அதுதான் திட்டம். உள்ளே பலகை அடுக்குகள் அமைத்து, சில நூறு பேருக்கான கப்பலில் 4,500-க்கும் மேற்பட்டவர்களைப் படுக்க வைத்தார்கள். 1947 ஜூலை 11 அதிகாலை, பிரான்ஸின் செத் துறைமுகத்திலிருந்து வழிகாட்டும் துறைமுக பைலட் இல்லாமலே கிளம்பியது. காகிதத்தில் போகும் இடம் கொலம்பியா!

பிரிட்டிஷ் கடற்படையும் கரைக் கணக்கை ஊகித்திருந்தது. அதனால் கடல் எல்லையான மூன்று மைலுக்கு வெகு வெளியே, ஜூலை 18 விடியுமுன்பே மறித்தார்கள். நாசகாரிகளின் தளம் தாழ்வு, எக்ஸோடஸின் தளம் உயரம். தாவி ஏற வசதியாக மரமேடைகள் கட்டிக்கொண்டு வந்து, இருபுறமும் மோதி நெருக்கினார்கள். மேல்கட்டு மரம், நொறுங்கியது. அகதிகள் உருளைக்கிழங்கையும் உணவு டப்பாக்களையும் வீசித் தடுத்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள்.

கேள்வி: பிடிபட்டவர்களைத் திரும்ப ஜெர்மனிக்கே அனுப்பினார்களா?

பதில்: எக்ஸோடஸ்காரர்களை அனுப்பினார்கள். ஹைஃபாவில் மூன்று கப்பல்களில் மாற்றி ஏற்றியபோது, பிடிபட்டவர்களை பிரிட்டன் அடைத்துவைத்த சைப்ரஸ் தீவு முகாம்களுக்குத்தான் போகிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். கப்பல்களோ பிரான்ஸின் போர்-த-பூக்குக்குப் போயின. விரும்பி இறங்குபவர்களை மட்டுமே ஏற்போம் என்றது பிரான்ஸ். ஆகஸ்ட் வெயிலில் மூன்று வாரம் நின்றும், இறங்கியவர்கள் ஏறத்தாழ 130 பேர்தான். மற்றவர்களை செப்டம்பரில் ஹாம்பர்க்கில் இறக்கி, லூபெக் அருகே முகாம்களில் அடைத்தார்கள். வதைமுகாமிலிருந்து மீண்டவர்களை ஜெர்மனியில் முள்வேலிக்குப் பின்னால் நிறுத்தியது, பிரிட்டனுக்கு உலகம் முழுக்கக் கெட்ட பெயர் வாங்கித் தந்த முட்டாள்தனம்.

கேள்வி: சைப்ரஸ் முகாம்களில் எத்தனை பேர், எப்படி வெளியே வந்தார்கள்?

பதில்: 1946 ஆகஸ்டிலிருந்து மொத்தம் 50,000-க்கும் மேல். மாத ஒதுக்கீடான 1,500-இல் பாதி, 750 இடம், இவர்களுக்கு. 1948 மே மாதம் இஸ்ரேல் உருவான பிறகும், போரிடும் வயது ஆண்களை பிரிட்டன் விடவில்லை. கடைசி ஆட்கள் கிளம்பியது 1949 பிப்ரவரியில்.