ரெனோவில் ஆடியவர்கள்

வணக்கம்.

கூடைப்பந்து ஆட்டக்காரர் ஜெரமி லின் பற்றி எழுதியபோது ரெனோ பிக்ஹார்ன்ஸ் என்ற அணியைப் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வுக்குக் கீழே இருந்த டி-லீக் அணி என்று தெரிகிறது. அங்கே ஆடியவர்களில் குறிப்பிட்டுச் சொல்லும்படி வேறு யாராவது உண்டா? மேலே இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம்தானே அது?

கே.

அன்புள்ள கே.,

2010-11 பருவம் ஒன்றே போதும். அப்போது சாக்ரமெண்டோ கிங்ஸ், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் என்ற இரண்டு என்பிஏ அணிகளுமே இளம் ஆட்டக்காரர்களை நெவாடாவில் உள்ள ரெனோவுக்கு அனுப்பின. லின்னும் ஹசன் ஒயிட்சைடும் அப்படி வந்தவர்கள். இரண்டு என்பிஏ அணிகள் கழற்றிவிட்ட டேனி கிரீனும் அதே பருவத்தில் அங்கே ஆடினார். அதே கிரீன் 2013 என்பிஏ இறுதித் தொடரில் தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்கள் 27 போட்டு அன்றைய சாதனையை முறியடித்தார். 2019-ல் டொரான்டோ அணி என்பிஏ கோப்பை வென்றபோது அவரும் லின்னும் ஒரே அணி. ஒயிட்சைட் லெபனான், சீனா என்று சுற்றிவிட்டு வந்து, 2015-16-ல் என்பிஏ-விலேயே அதிக பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தடுப்பது) செய்தவரானார்.

சரி, இவர்கள் மேலே போனதால் பெயர் தெரிந்தவர்கள். எனக்குப் பிடித்த ரெனோ அணி 2014-15-ல் ஆடியது. பயிற்சியாளர் டேவிட் ஆர்செனோ ஜூனியர், கிரின்னெல் கல்லூரியில் தன் அப்பா உருவாக்கிய முறையை அங்கே கொண்டுவந்தார். ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்களைக் கூட்டமாக மாற்றுவார்கள். உள்ளே இருக்கும்வரை மூச்சுமுட்ட ஓட வேண்டும், பந்து கைக்கு வந்த சில நொடிகளில் ஷாட் போட வேண்டும். ஆட்டத்துக்குச் சராசரியாக 140 புள்ளியை ஒட்டி எடுத்தார்கள்.

இப்படி ஓடும் அணியில்தான் சிம் புல்லர் இருந்தார். கனடாவில் பிறந்த பஞ்சாபி; ஏழடி ஐந்தங்குலம், 160 கிலோ. அந்த உடம்போடு அந்த ஓட்டத்தில் ஒரு பருவம் முழுக்கத் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். 2015 ஏப்ரலில் கிங்ஸ் அவருக்குப் பத்து நாள் ஒப்பந்தம் கொடுத்தது. என்பிஏ-வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் அவர்தான். முதல் ஆட்டத்தில் களத்தில் நின்றது 16 நொடி. மொத்தம் மூன்று ஆட்டம், இரண்டு புள்ளி. அப்புறம் தைவானுக்குப் போய்ப் பல வருடம் ஆடினார்.

அதே அணியில் பிரேடி ஹெஸ்லிப். மூன்று புள்ளி ஷாட் போடுவதில் அந்த லீக்கையே மிரள வைத்தவர். பருவம் முடியும் முன்பே ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். என்பிஏ-வில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவர் கிளம்பியதில் தப்பே இல்லை. அப்போது டி-லீக்கில் ஒரு பருவத்துக்கான உச்சச் சம்பளமே 25 ஆயிரம் டாலரை ஒட்டித்தான். என்பிஏ-வின் அடிமட்டச் சம்பளமோ ஐந்து லட்சத்துக்கு மேல். அதனால் "ஒதுங்கும் இடம்" என்பதை நான் ஏற்கவில்லை. அந்தச் சம்பளத்தில் யாரும் ஒதுங்கி உட்கார முடியாது. மேலே ஏற வேண்டும், இல்லையென்றால் ஹெஸ்லிப் மாதிரி நல்ல கூலி கிடைக்கும் நாட்டுக்குப் போக வேண்டும்.

என் பட்டியலில் கிரீனுக்குப் பக்கத்திலேயே ஹெஸ்லிப்புக்கும் இடம் உண்டு. 2018-ல் அணி ஸ்டாக்டனுக்கு மாறிவிட்டது. 2014-15 ஆட்டம் ஏதாவது இணையத்தில் கிடைத்தால் முதல் கால்பகுதியையாவது பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.