சிரிப்புக்கும் லாஜிக் உண்டு

கேள்வி: 'ஹோம்ஸ் அண்ட் வாட்சன்' படத்தை "சிரிப்பே வரவில்லை" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரை மட்டும் வாய் ஓயாமல் புகழ்கிறீர்கள். காமெடியில் லாஜிக் தேடுவதும், வேற்றுக்கிரகச் சமாசாரம் வருகிற தொடரில் அதையே மன்னித்துவிடுவதும் என்ன நியாயம்? காமெடி என்றால் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே பார்க்க வேண்டும்?

பதில்: கழற்றி வைத்தால் சிரிக்க முடியாது. சிரிப்பே மூளை செய்கிற வேலைதான். அடுத்து இது நடக்கும் என்று அது ஒரு கணக்குப் போட்டு வைக்கிறது. கணக்கு தப்பும்போது சிரிப்பு வருகிறது. கணக்குப் போடவே விடாத படத்தில் எதைப் பார்த்துச் சிரிப்பது?

2018-இல் வந்த அந்தப் படத்தில் என் வருத்தமெல்லாம் இதுதான். ஒரு காட்சியில் ஹோம்ஸ் மகா புத்திசாலி, அடுத்த காட்சியில் அடிமுட்டாள். எந்த ஹோம்ஸ் வரப்போகிறார் என்பது அந்த நேரத்து ஜோக்கைப் பொறுத்தது. விக்டோரியா மகாராணியோடு செல்ஃபி எடுக்கிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பெட்டி கேமரா ராணியின் தலையில் இடிக்கிறது, அவர் செத்துவிட்டார் என்று இருவரும் பதறுகிறார்கள். 'இந்தக் காலத்துப் பழக்கம் அந்தக் காலத்தில்' என்பதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. புரிந்துவிடுகிறது, ஆனால் சிரிப்பு வரவில்லை. மோசமான படங்களுக்கான கோல்டன் ராஸ்பெரியில் அந்த வருடத்தின் மோசமான படம் என்ற பட்டம் இதற்குத்தான் போனது.

நடிகர்களைக் குறை சொல்ல மாட்டேன். இதே வில் ஃபெர்ரலும் ஜான் சி. ரைலியும்தான் 2008-இல் 'ஸ்டெப் பிரதர்ஸ்' செய்தார்கள். நாற்பது வயது ஆண்கள் இரண்டு பேர், மனசு மட்டும் பத்து வயசு. படத்தின் பெரும்பகுதியில் அந்த வயசை அவர்கள் விடுவதில்லை. அறையில் இடம் கிடைக்கும் என்று இரண்டு கட்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அது சரிந்து விழும் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. அதுவும் காமெடிதான், அதிலும் லாஜிக் இருக்கிறது!

சரி, தொடருக்கு வருகிறேன். நான் எதையும் மன்னிக்கவில்லை. புரோட்டோமாலிக்யூல் என்ற வேற்றுலகப் பொருள் நம்ப முடியாத சங்கதிதான். அதில் விண்கப்பல்களை ஓட்டுகிற எப்ஸ்டீன் இன்ஜினும் அப்படித்தான். விண்வெளியில் கேட்கக்கூடாத சத்தங்கூடக் கேட்கிறது. ஆனால் இவற்றை மட்டும் நம்பிக்கொள்ளுங்கள் என்று நம்மிடம் சலுகை வாங்கிக்கொண்டபின், மற்ற எல்லா இடத்திலும் தான் போட்ட விதிக்குத் தொடர் கட்டுப்படுகிறது. பாதி வழி போனதும் கப்பல் பின்புறம் திரும்பி, வேகத்தைக் குறைக்க இன்ஜினை இயக்குகிறது. சீரிஸ் என்ற குறுங்கோளில் ஒரு பறவை எப்போதாவது ஒருமுறை சிறகை அசைத்துவிட்டு அந்தரத்திலேயே நிற்கிறது. அங்கே ஈர்ப்பு குறைவு என்று யாரும் வசனம் பேசவில்லை, பறவை சொல்லிவிட்டுப் போகிறது. குறுங்கோளையே சுழற்றித்தான் அங்கே எடை உண்டாக்குகிறார்கள். அதனால் கிளாஸில் ஊற்றுகிற மது நேராக விழாமல் வளைந்து விழுகிறது. இதையெல்லாம் யோசித்துச் செய்தவர்கள் பார்க்கிறவனின் மூளையை மதிக்கிறார்கள். எனக்கு அந்த மரியாதை பெரிய விஷயம்.

2015-இல் தொடங்கிய தொடர் இது. 2018-இல் மூன்று சீசனோடு சேனல் நிறுத்தியபோது, ரசிகர்கள் பணம் போட்டு அமேசான் ஸ்டுடியோவுக்கு மேலே பேனர் கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அமேசான் எடுத்துக்கொண்டது, 2022-இல் 6 சீசன், 62 எபிசோடுகளோடு முடிந்தது.

முதல் மூன்று எபிசோடுகள் மெதுவாகத்தான் போகும், பெயர்கள் குழப்பும். நான்காவது வரை பொறுத்துப் பாருங்கள். ஒரு போர்க்கப்பலின் அறை, எல்லோரும் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். குண்டு ஒன்று ஒரு சுவரில் நுழைந்து மறு சுவரில் வெளியேறுகிறது. பேசிக்கொண்டிருந்தவர் போய்விட்டார். அழ நேரமில்லை, காற்று வெளியேறிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருப்பவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு ஓட்டைகளை அடைக்கப் பாய்கிறார்கள்.