யார் பார்க்க உடுத்துகிறோம்? (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு வயது 27. கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் நடந்த பெரியம்மா மகளின் திருமணத்துக்கு, அலுவலகத்துக்குக் கட்டும் பருத்திப் புடவையோடு, நகை எதுவும் போடாமல் போயிருந்தேன். இரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் பெரியம்மா. பந்தியில் எல்லார் முன்னாலும், "வெறுங்கழுத்தோடு வந்து நிற்கிறாயே, உனக்கு யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டார். "நான் எனக்காகத்தான் உடுத்துகிறேன், மற்றவர்களுக்காக இல்லை" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது பழைய கைலியும் டீசட்டையுமாகத்தான் இருக்கிறேன். அப்படியானால் நான் சொன்னது பொய்யா? மனிதர்கள் தமக்காக உடுத்துகிறார்களா, பிறருக்காகவா? உளவியல் என்ன சொல்கிறது? செல்பி எடுத்துப் போடுவதும், அரசாங்க அலுவலக வாசலில் உடை விதிப் பலகை வைப்பதும் இதில் சேருமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்பு மகளுக்கு,

என் மகளைவிட இளையவள் நீ. ஆகவே ஒருமையிலேயே எழுதுகிறேன்.

செல்பியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உளவியல் சொல்வதை உளவியல் படித்தவர்களிடம் கேட்டுக்கொள். உடை விதிப் பலகை அதிகாரத்தைப் பற்றியது. அதைத் தனியாக எழுத வேண்டும். வீட்டில் கைலியோடு இருப்பதில் பொய்யும் இல்லை, குற்றமும் இல்லை.

ஆனால் "எனக்காகத்தான் உடுத்துகிறேன்" என்ற அந்த வாக்கியத்தை நான் அவ்வளவு எளிதில் விடமாட்டேன். மஸ்ஜித் இந்தியா சாலையில் ஆனாலும் இங்கே பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஆனாலும், துணி விற்கிறவர்களுக்கு இன்று மிகவும் கைகொடுக்கும் பேச்சு, பிறரைப் பற்றிக் கவலைப்படாமல் உனக்காக வாங்கிக்கொள் என்பதுதான். விற்பனைக்காகச் சொல்லப்படுவதை நீ உன் சொந்தக் கொள்கை என்று எண்ணிக்கொண்டிருக்கிறாய். பிறர் பேச்சு உனக்கு ஒரு பொருட்டில்லை என்றால், பெரியம்மா கேட்ட ஒரு வரிக்காக ஒரு மாதமாய் அவருக்கு முகம் கொடுக்காமல் இருப்பானேன்? பிறருக்காக உடுத்துவது இழிவு என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

என்ன உடுத்தலாம் என்பதைப் பிறர் தீர்மானித்த காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டுப் போராடி, 1859இல் அரசாணை பெற்றார்கள். அந்த ஆணையும் அவர்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல உடுத்தக் கூடாது என்றே சொன்னது. பார்க்கிற கண்ணுக்கு இருவரும் சமமாகத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அங்கே இருந்த அச்சம். 1921இல் மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறியது ஏழைகளுள் ஒருவராய்த் தெரிய வேண்டும் என்பதற்காக. அம்பேத்கர் கோட்டும் சூட்டுமாக மேடையேறியதும், தாம் எவருக்கும் தாழ்ந்தவரில்லை என்பதைப் பிறர் கண்ணாரக் காண வேண்டும் என்பதற்காகத்தான்.

உன் கடிதம் வந்த வாரத்தில் நான் 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். உடனே உனக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்கும் அதுதான் காரணம். வேலைநிறுத்தத்தை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைதானதும், இராணுவம் வந்ததும், தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்ததும் நம் வீடுகளில் ஓரளவு தெரிந்த செய்திகள். கூலி உயர வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கைகளுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது. வெள்ளைக்காரத் துரையோ, கிராணி என்ற தோட்டத்து எழுத்தரோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே கடந்து போவதைத் துரை பார்க்க வேண்டும் என்பதையும் கூலியோடு சேர்த்துக் கேட்டார்கள் அந்த மனிதர்கள்.

என் அம்மா கெடாவில் ஓர் இரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விடுவார். பால் பட்ட துணி காய்ந்து கறுத்துவிடும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அந்தக் கறை போகாது. ஒட்டுப்பால் நாற்றம் தலைமுடி வரைக்கும் ஏறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பசியாற வைத்துவிட்டு, முழங்கையில் காய்ந்து பிடித்திருக்கும் பாலைத் தேங்காய் எண்ணெய் தடவி உருட்டி உருட்டி எடுப்பார். நகக்கண்ணில் உள்ளதை ஊக்கு முனையால் சுரண்டுவார். பிறகு, வாரம் முழுதும் பாய்க்கடியில் மடித்து வைத்திருந்த ஒரே நைலக்ஸ் புடவையை எடுத்துக் கட்டி, குட்டிக்கூரா பவுடர் பூசி, என் கையைப் பிடித்துக்கொண்டு பட்டணத்துக்குக் கிளம்புவார்.

பேருந்துச் சாலைக்குப் போகக் கோயில் பக்கமாக நிழலான குறுக்கு வழி உண்டு. அம்மா அதில் போகவே மாட்டார். கிராணிமார் வீடுகளுக்கு முன்னால் போகும் வெயில் சாலையில்தான் நடப்பார். ஒருநாள் அந்த வீடுகளில் ஒன்றின் வாசலில் இருந்து, "கூலிக்காரிக்கு வந்த சிங்காரத்தைப் பாரு" என்று ஒரு குரல் கேட்டது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதே சாலை, அதே புடவை. வெயில் தாங்காமல் நான் குறுக்கு வழியில் போகலாம் என்று அழுதபோது அவர் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது: "பாக்கட்டும்னுதானே கட்டியிருக்கேன்."

இப்போது உன் பெரியம்மாவுக்கு வருகிறேன். எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டது தவறுதான். அதற்காக நான் வாதாட மாட்டேன். கடன் வாங்கி நகை பூட்டிக்கொள்ளும் நம் கல்யாணக் கூத்துகளுக்கும் நான் ஆதரவில்லை. ஆனால் அவர் உன் கழுத்தை ஏன் பார்த்தார் என்று யோசித்தாயா? தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடும் நிலமும் கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போயிற்று. தோட்டங்கள் கைமாறிச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் துண்டுபோடப்பட்டபோது, எத்தனையோ குடும்பங்கள் தம்முடையது என்று எடுத்துக்கொண்டு வெளியேற முடிந்தது காதிலும் கழுத்திலும் கிடந்ததை மட்டும்தான். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் பெரியவரின் வைத்தியத்துக்கும் அந்தச் சங்கிலிதான் அடகுக் கடைக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தது. அப்படி வளர்ந்த ஒருத்தியின் கண்ணுக்கு வெறுங்கழுத்து, ஆபத்துக்குக் கைப்பிடி இல்லாத நிலை. "உனக்கு யாரும் இல்லையா?" என்று அவர் கேட்டது அந்தப் பயத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். அவர் தம் மகளின் கல்யாணத்துக்காகப் பல மாதம் ஓடியாடியிருப்பார். நீ வேலைக்குக் கட்டுகிற புடவையோடு போய் நின்றாய். பாதிப் பந்தியில் எழுந்தும் வந்தாய். அவருடைய கேள்வி முள்ளாய்க் குத்தியது என்றால், நீ எழுந்து வந்தது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

தீபாவளி வரைக்கும் தள்ளிப்போடாமல் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய் வா. என்ன உடுத்திக்கொண்டு போவது என்று யோசிப்பாய்; நன்றாகவே யோசி. நகை வேண்டாம் என்று தோன்றினால் போடாமலே போ. ஏன் போடவில்லை என்று அவர் கேட்டால், உண்மையான காரணம் எதுவோ அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல். "எனக்காகத்தான்" என்று மட்டும் இன்னொரு முறை அவரிடம் சொல்லாதே.