அரைப்பேர் இல்லாத வனாந்தரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதத்துக்கு ஒருதரம் வருவார். அதனால் ராத்திரி குடும்ப ஜெபம் நான்தான் நடத்துவது. மகன் இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை எடுக்கிறான், மகள் ஏழாம் ஆண்டு. ஓய்வுநாள் பாடசாலையில் இஸ்ரவேலரின் வனாந்தர யாத்திரை பாடம் நடப்பதால் வீட்டிலும் அதையே வாசித்து வருகிறோம்.

எண்ணாகமம் 14, தேவன் தருவதாகச் சொன்ன தேசத்துக்குள் போகப் பயந்து முறுமுறுத்த ஜனத்துக்கு நாற்பது வருஷ வனாந்தரம் தண்டனையாக வருகிற அதிகாரம். அதை வாசித்த அன்று மகன் கேட்டான்: "பெரியவங்க செஞ்ச தப்புக்கு சின்னப் புள்ளைங்க ஏம்மா நாப்பது வருஷம் அலையணும்? முறுமுறுத்தா தண்டனைன்னா, அது தொரைக்குப் பயந்து வாய மூடிக்கிட்டு இருக்கிற மாதிரிதானே?" எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அவன் ஜெபத்தில் உட்காரவும் மாட்டேன் என்கிறான். மகள் மட்டும் என்னோடு இருக்கிறாள். பிள்ளைகளுக்கு விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் சொல்லிக் கொடுக்கத்தான் இதை ஆரம்பித்தேன். இப்போது எங்கே தொடுவது என்றே தெரியவில்லை. மகனை வற்புறுத்தி உட்கார வைக்கலாமா? என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு சகோதரி

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் ஒன்று. மகன் கேட்டது நல்ல கேள்வி, அதிலே கோபம் இருந்தாலும் நல்ல கேள்விதான். கவனித்து வாசிக்காத பிள்ளைக்கு அது தோன்றாது. அவன் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறான், இரண்டுக்கும் வேதத்திலேயே பதில் இருக்கிறது. பின்னால் கேட்டதைத்தான் முன்னால் எடுக்க வேண்டும், ஏனென்றால் கீழ்ப்படிதல் என்றால் துரைக்குத் தலையாட்டுவது என்று ஒரு பிள்ளை மனதில் பதிந்துவிட்டால் அதற்கு மேல் நாம் எதைச் சொன்னாலும் ஏறாது.

இந்தக் கதையைப் பலரும் செங்கடலில் தொடங்குகிறார்கள். நீங்கள் யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள். மூன்று நாள் வழி போய்த் தங்கள் தேவனுக்குப் பலியிட்டு வருகிறோம் என்று ஜனங்கள் கேட்கிறார்கள். சோம்பேறிகள் என்று திட்டிவிட்டு, இனி வைக்கோல் கொடுக்காதீர்கள், அவர்களே பொறுக்கிக்கொள்ளட்டும், ஆனால் செங்கல் கணக்கில் ஒன்றும் குறையக்கூடாது என்கிறான் பார்வோன். கணக்கு குறைந்தபோது அடி வாங்கியது யார் தெரியுமா? ஆளோட்டிகள் இஸ்ரவேலருக்குள்ளேயே ஆள் பிடித்துத் தலைவர்களாக வைத்திருந்தார்களே, அவர்கள். கங்காணி என்றால் என்னவென்று தெரிந்த நம் வீடுகளில் இந்த அதிகாரத்துக்கு விளக்கமே வேண்டியதில்லை, வாசித்தால் போதும்.

அப்புறம் நேரே 16ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள், வானத்திலிருந்து மன்னா என்கிற அப்பம் விழுகிற இடத்துக்கு. விடியற்காலம் போய்ப் பொறுக்க வேண்டும், வெயில் ஏறினால் உருகிப்போகும். தலைக்கு ஒரு ஓமர் (அந்தக் காலத்து அளவு), கூடாரத்தில் எத்தனை பேரோ அத்தனை ஓமர். சிலர் அதிகமாகச் சேர்த்தார்கள், சிலர் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். அளந்து பார்த்தால் அதிகம் சேர்த்தவனுக்கு மிச்சமில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவும் இல்லை. இந்த இடத்தில் நிறுத்தி மகனிடம் கேளுங்கள், நீங்கள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்று. சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு, சொன்ன கிலோவுக்குக் கீழே போனால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். காலை முழுக்க அட்டைக்கடியோடு மலையில் நின்றாலும் அரைப்பேர்தான். வனாந்தரத்தில் அரைப்பேர் இல்லை. எவ்வளவு எடுத்தாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, உன் வீட்டில் எத்தனை வாய் என்பதுதான் கணக்கு. செங்கல் எண்ணி எண்ணியே வளர்ந்த ஜனத்துக்கு இதை நம்புவது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் சிலர் மறுநாளுக்கு எடுத்து வைத்தார்கள். அது புழுப் பிடித்து நாறியது. ஆறாம் நாள் இரண்டு மடங்கு சேர்த்துக்கொள்ளுங்கள், ஏழாம் நாள் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தும் சிலர் ஏழாம் நாள் கூடையோடு போனார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த ஜனம் என் சொல்படி நடக்குமா என்று சோதித்துப் பார்ப்பேன் என்று கர்த்தர் முன்பே சொல்லியிருந்தார். அந்தச் சோதனையில் என்ன வந்தது என்று கவனியுங்கள். நாளைக்கும் தருவேன் என்பதை நம்பு, ஏழாம் நாள் வீட்டில் உட்கார். அவ்வளவுதான் கேட்டார். பார்வோன் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை அது. எகிப்தில் கீழ்ப்படிந்தது அடிக்குப் பயந்து. இங்கே கட்டளை கொடுக்கிறவர் அவர்களை அந்த அடியிலிருந்து வெளியே கொண்டுவந்தவர், அப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொல் கேள் என்கிறார். இந்த வித்தியாசத்தை மகன் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும். அதற்காக ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலைக்குப் போகாதீர்கள் என்று நான் உங்களுக்கு உத்தரவு போட மாட்டேன், அடுப்பு எரிகிற வழி உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் உட்கார முடிகிற ஞாயிற்றில் குற்ற உணர்ச்சி இல்லாமல் உட்காருங்கள், பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும்.

முறுமுறுப்பு பற்றி. முறுமுறுக்காமல் கீழ்ப்படி என்று மொட்டையாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. வனாந்தர வழியில் ரெவிதீம் என்ற இடத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை, பிள்ளைகளும் ஆடுமாடுகளும் தாகத்தால் செத்துப்போகும் என்று ஜனங்கள் சண்டை பிடித்தார்கள். கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா என்று அவர்கள் கேட்டது தவறு என்று வேதம் சொல்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் முதலில் கன்மலையிலிருந்து தண்ணீர் வந்தது. தாகம் என்று சொன்னதற்காக அங்கே யாரும் சாகவில்லை. மோசேயே எண்ணாகமம் 11இல், இந்தப் பாரம் என்னால் முடியாது, இப்படியென்றால் என்னைக் கொன்றுவிடும் என்று அழுகிறார், அதற்குக் கர்த்தர் பாரத்தைப் பங்குபோட எழுபது மூப்பரைக் கொடுக்கிறார். தவறு எங்கே வருகிறதென்றால், எகிப்திலேயே நன்றாக இருந்தோம், ஒரு தலைவனை வைத்துக்கொண்டு திரும்பிப் போவோம் என்கிற இடத்தில். வெளியே கொண்டுவந்தவரை விட்டுவிட்டு அடித்தவனிடமே போகலாம் என்பதுதான் அந்தப் பேச்சு.

மகளுக்கு எண்ணாகமம் 27ஐத் தனியாக வாசித்துக் கொடுங்கள். செலொப்பியாத் என்கிற ஒருவருக்கு மகன் இல்லை, மகள்கள் ஐந்து பேர். அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை என்பதற்காக அவர் பெயர் ஏன் அழிய வேண்டும், எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபைக்கும் முன்னால் நின்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்று கர்த்தரே சொல்கிறார், சட்டம் மாறுகிறது. சொந்தக் காணிக்காகக் காத்திருக்கிற லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வளர்கிற பெண்பிள்ளைக்கு இந்த அதிகாரம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். நியாயம் கேட்பது கீழ்ப்படியாமை இல்லை.

சரி, சின்னப் பிள்ளைகள் ஏன் அலைந்தார்கள்? இதை நான் மழுப்ப விரும்பவில்லை. உங்கள் பிள்ளைகள் உங்கள் துரோகத்தைச் சுமப்பார்கள் என்றுதான் எண்ணாகமம் 14 சொல்கிறது. ஓரேப் மலையிலிருந்து தேசத்தின் எல்லைப்பக்கமான காதேஸ்பர்னேயாவுக்குப் பதினொரு நாள் வழி என்று உபாகமத்தில் இருக்கிறது. அவ்வளவு கிட்ட வந்துவிட்டுப் பயந்து நின்றது பெரியவர்கள், அன்றைக்குப் பத்து வயதாக இருந்த பிள்ளை யோர்தானைக் கடக்கும்போது ஐம்பதை நெருங்கியிருக்கும். பெற்றோர் எடுக்கிற முடிவில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்பதை வேதம் ஒளிக்கவில்லை, நாமும் ஒளிக்கக்கூடாது. ஆனால் அந்தப் பயத்துக்கு அவர்கள் என்ன சாட்டுச் சொன்னார்கள் என்று 3ஆம் வசனத்தில் பாருங்கள். எங்கள் பெண்சாதி பிள்ளைகள் கொள்ளையாகிப் போவார்களே என்றார்கள். பிள்ளைகளுக்காகத்தான் என்று சொல்லியே பின்வாங்கினார்கள். கர்த்தர் 31ஆம் வசனத்தில் அதே பேச்சை எடுத்துத்தான் பதில் சொல்கிறார், கொள்ளையாவார்கள் என்று நீங்கள் சொன்ன அந்தப் பிள்ளைகளையே உள்ளே கொண்டுபோவேன் என்று. தேசத்தைப் பிடித்தது அந்தப் பிள்ளைகள். மன்னாவைத் தின்று, வழிகாட்டின மேகம் எழும்பினால் நடந்து, மேகம் தங்கினால் தங்கி, இரண்டு நாளோ ஒரு மாதமோ ஒரு வருஷமோ என்று கேட்காமல் வளர்ந்தவர்கள். செங்கல் கணக்கை அவர்கள் பார்த்ததே இல்லை, அல்லது சின்ன வயதில் பார்த்தது.

அதனால் இது பெற்றோருக்கான பாடம் என்றுதான் நான் வாசிக்கிறேன். பிள்ளைகளை மிரட்ட இதை எடுக்கக்கூடாது. நாளைக்கு என்ன ஆகுமோ என்று நாம் ராத்திரி எப்படிப் பேசுகிறோம், கடன்காரன் வரும் நாளில் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில் இருந்துதான் பிள்ளை விசுவாசத்தைப் படிக்கிறது. உபாகமம் 6இல் வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் பேசு என்றுதான் இருக்கிறது. பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு) ஓடுகிற காலையில் ஒரு வசனம் சொன்னால் போதும். வேலை முடிந்து கால் கடுக்க வந்த பிறகு ஒரு மணி நேர ஜெபம் யாருக்கும் வேண்டாம்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நம் சபைகளில் அடிக்கடி கேட்கிற ஒப்பீடு அது. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்துவந்த நம் முன்னோர்களையும் வனாந்தர யாத்திரையையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறார்கள். 2023இல் இருநூறு வருஷ நினைவாக அந்தப் பாதையில் நடைபயணம் போனபோதும் இப்படிச் சிலர் சொன்னார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. இஸ்ரவேலர் அடிமைத்தனத்திலிருந்து வெளியே நடந்தார்கள். நம்மவர்களை வழியில் காலராவுக்கும் பசிக்கும் பறிகொடுத்தபடி கோப்பித் தோட்டத்துக்கு உள்ளே நடத்திக்கொண்டு வந்தார்கள். அது யாக்கோபின் வீட்டார் பஞ்சத்தில் எகிப்துக்குப் போன பயணத்துக்குத்தான் கிட்ட வரும். பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தோடு சொல்லுங்கள்.

மகனை வற்புறுத்த வேண்டாம். அதற்குப் பதிலாக அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். எண்ணாகமம் 33இல் ராமசேஸ் தொடங்கி மோவாப் சமவெளி வரை, எங்கிருந்து புறப்பட்டு எங்கே பாளயமிறங்கினார்கள் என்று மோசே வரிசையாக எழுதி வைத்திருக்கிறார், பெரும்பாலும் ஊர்ப்பெயர்கள்தான், வாசிக்கிறவர்கள் தாண்டிப் போகிற அதிகாரம். அதேபோல உங்கள் குடும்பத்துக்கும் ஒன்று எழுதச் சொல்லுங்கள். தாத்தா எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார், அங்கிருந்து எங்கே போனார்கள், 1948இல் குடியுரிமை போனபோது எங்கே இருந்தார்கள், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது யார், நின்றது யார், கடைசியில் பிரஜாவுரிமை எந்த வருஷம் கிடைத்தது, அப்பா ஏன் கொழும்புக்குப் போனார். தெரியாததை அப்பாயியிடமும் பக்கத்து லயத்துப் பெரியவர்களிடமும் போய்க் கேட்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் யார் சோறு போட்டார்கள், யார் கைகொடுத்தார்கள் என்று கேட்டு அதையும் எழுதட்டும். ஜெபத்துக்கு வராத பையன் இதற்கு உட்காருவான் என்று நினைக்கிறேன், அவன் கேட்ட கேள்வியே இதைத்தான் சுற்றி வருகிறது.

வீட்டுக்காரர் அடுத்த தரம் வரும்போது உபாகமம் 8ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். அந்த நாற்பது வருஷத்தில் உடுத்தின துணி பழசாகவில்லை, கால் வீங்கவில்லை என்று வருகிற அதிகாரம். வாசித்து முடித்ததும் மகன் எழுதினதை எடுத்து அப்பாவிடம் காட்டட்டும், விட்டுப்போன இடங்களை அவர் சொல்வார். அதிலே ஏதாவது எனக்கும் எழுதலாம் என்று தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்