டூபாக்கா, கென்ட்ரிக்கா? ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். பின்னேரங்களில் டச் பே கடற்கரையில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம். போன கிழமை முழுக்க அங்கே ஒரே சண்டை. என்னுடைய அத்தான் தொண்ணூறுகளின் ஆள். அமெரிக்க ராப்பர்கள் டூபாக்கும் பிகியும் செத்ததோடு ராப் முடிந்துவிட்டது, இப்போது வருவதெல்லாம் வாய்க்குள் முணுமுணுப்பும் காசுப் பெருமையும்தான் என்கிறார். நான் இந்தக் காலத்து ராப்பர் கென்ட்ரிக் லாமாரின் கட்சி. 2024இல் பாட்டுச் சண்டையில் டிரேக் என்ற ராப்பருக்கு அவர் கொடுத்த அடிக்கு முன்னால் உங்கள் பழைய சண்டையெல்லாம் தூசு என்றேன். அத்தான் எழும்பிப் போய்விட்டார். இன்னும் கதைக்கவில்லை.

வேறு வேறு காலத்து ராப்பர்களை எப்படி ஒப்பிடுவது? ராப் உண்மையிலேயே கெட்டுப்போய்விட்டதா? தமிழில் ஏன் இப்படி ஒரு மோதல் நடப்பதில்லை? நான் எழுதிய எட்டு வரியையும் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

– உவர்மலை வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அத்தானோடு கதை. இதைப் பிறகு வாசிக்கலாம்.

டூபாக்–பிகி விவகாரத்தைப் பாட்டுச் சண்டை என்று எடுத்துக்கொண்டால் அதில் பாட்டு கொஞ்சம்தான். இருவரும் முதலில் கூட்டாளிகள். 1994 நவம்பரில் நியூயோர்க்கில் ஒரு ஒலிப்பதிவுக்கூட வாசலில் டூபாக் சுடப்பட்டார். அதில் பிகி பக்கத்து ஆட்களுக்குத் தொடர்பு உண்டு என்று அவர் நம்பினார். அங்கிருந்துதான் முறுகல். 1996இல் ‘ஹிட் எம் அப்’ பாட்டில் டூபாக் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அதற்கென்று பிகி நேரடிப் பதில் பாட்டு எதுவும் வெளியிடவில்லை. மிச்சமெல்லாம் டூபாக்கின் டெத் ரோ, பிகியின் பேட் போய் என்ற இரண்டு இசைக் கம்பனிகளின் பகையும், சஞ்சிகைக்காரர்கள் ஊதிப் பெருப்பித்த அமெரிக்கக் கிழக்குக் கரை–மேற்குக் கரைக் கதையும்தான். இத்தனைக்கும் மேற்குக் கரையின் குரலான டூபாக் பிறந்ததே நியூயோர்க்கில்! 1996 செப்டம்பர் 13இல் டூபாக் போனார், வயது 25. 1997 மார்ச் 9இல் பிகி, வயது 24. இதில் யார் வென்றது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பாட்டுக்காரர்களாக மட்டும் பார்த்தால் எனக்குப் பிகி ஒரு படி மேல். அவர் ஒரு காட்சியைச் சொன்னால் அந்த அறையில் மேசை எங்கே, கதிரை எங்கே என்றுகூடத் தெரியும். மூச்சை எங்கே விட்டார் என்று தேடிப் பிடிக்க வேண்டும். வரிகளைத் தாளில் எழுதாமல் தலைக்குள்ளேயே கட்டுவார் என்பது அவரோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் சொல்வது. டூபாக் அவ்வளவு நுணுக்கக்காரர் இல்லை. பால்டிமோரில் கலைப் பள்ளிக்கூடத்தில் நடிப்புப் படித்தவர், அது பாட்டில் தெரியும். உயிரெழுத்தை இழுத்து, அழுத்தி, ஒரு சாதாரண வசனத்தை ஒப்பாரியாகவும் மிரட்டலாகவும் மாற்றிவிடுவார். திருகோணமலையில் முச்சக்கர வண்டியின் பின்கண்ணாடியில் பிகியை ஒட்டியவர் யாரையும் நான் கண்டதில்லை. டூபாக்கைக் கண்டிருக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பாட்டால் பாட்டை அடித்த சண்டை வேண்டுமென்றால் 2001ஐப் பார். ராப்பர் ஜே-சீ ‘டேக்ஓவர்’ பாட்டில் இன்னொரு ராப்பரான நாஸை ஒரு வழக்கறிஞர் மாதிரி வரிசையாகக் குற்றம்சாட்டினார்: இத்தனை அல்பம் போட்டாய், அதில் எத்தனை தேறும் என்கிற கணக்கு. நாஸ் அந்த ஆண்டு டிசம்பரில் ‘ஈதர்’ பாட்டில் கணக்குக்குக் கணக்குச் சொல்லவில்லை, ஆளையே கேலிப்பொருள் ஆக்கினார். வாதம் ஜே-சீ பக்கம்தான் வலுவானது என்று இன்றும் நினைக்கிறேன். சனம் நாஸை வெல்ல வைத்தது. 2005இல் இருவரும் ஒரே மேடையில் ஏறிக் கைகொடுத்தார்கள், யாரும் சாகவில்லை. அதனால்தான் அதை இன்றைக்கும் சந்தோசமாகப் பேச முடிகிறது.

இப்போது உன் ஆளுக்கு வருவோம். கென்ட்ரிக்–டிரேக் சண்டை 2024இன் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் சூடேறி, ஒரு பாட்டின் சூடு ஆறுமுன் அடுத்தது வந்த சண்டை. இதில் அத்தானுக்கும் பங்கு உண்டு, சொல்லிவிடு. டிரேக் ஒரு பாட்டில் செயற்கை நுண்ணறிவால் செய்த டூபாக்கின் குரலைப் பயன்படுத்தினார். டூபாக்கின் உரிமைகளை வைத்திருப்பவர்கள் வக்கீல் கடிதம் அனுப்ப, அந்தப் பாட்டை இறக்க வேண்டியதாயிற்று. செத்து 28 வருடம் கழித்தும் டூபாக்கின் குரல் வேண்டியிருக்கிறது!

நீ சொன்ன ‘அடி’யை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கென்ட்ரிக் சொல்லால் அடித்தது ‘யூஃபோரியா’ பாட்டில். சனம் ஆடியது அவருடைய ‘நொட் லைக் அஸ்’ பாட்டுக்கு. ஐந்து கிராமி வாங்கியதும் இரண்டாவதுதான். அதில் கென்ட்ரிக்கின் சொல்திறத்தை விட மஸ்டார்ட் என்ற இசைத் தயாரிப்பாளர் போட்ட பீட்டுக்கும் கூட்டமாகக் கத்தத் தோதான அந்தப் பல்லவிக்கும் பங்கு அதிகம். டிரேக் மேல் வைத்த நிரூபிக்கப்படாத பாரதூரமான குற்றச்சாட்டை ஆட்டப் பாட்டாக்கியது எனக்கு உவப்பில்லை. டிரேக் அதைப் பொய் என்றார். அந்தப் பாட்டை வெளியிட்ட கம்பனிதான் டிரேக்கின் பாட்டுகளையும் வெளியிட்டுவந்தது. அந்தக் கம்பனி மேல் டிரேக் போட்ட அவதூறு வழக்கு 2025இல் தள்ளுபடியானது. ஆனால் கென்ட்ரிக் 2018இல் ‘டாம்’ அல்பத்துக்குப் புலிட்சர் பரிசு வாங்கியவர். அதற்கு முன் செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும்தான் அதைக் கொடுத்துவந்தார்கள். அவரை எடைபோட நான் அந்த அல்பத்தைத்தான் எடுப்பேன்.

என் கருத்து இதுதான்: இந்த ஐம்பது வருடத்தில் ராப்பின் திறமை சொல்லில் இருந்து குரலுக்கு இடம் மாறியிருக்கிறது. சண்டை வந்தால் மட்டும் அது சொல்லுக்குத் திரும்பி ஓடுகிறது. ஏனென்றால் எதிராளியைத் திட்டும்போது அவனுக்கு விளங்க வேண்டும், ஊருக்கும் விளங்க வேண்டும். ஆகவே சண்டைப் பாட்டை வைத்து ஒரு காலத்தின் ராப்பை அளந்தால் அளவு பிழைக்கும்.

மாற்றம் எப்படி வந்தது என்பது ருசியான கதை. 1973 ஓகஸ்ட் 11, நியூயோர்க்கின் பிரொங்ஸில் செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு விருந்து. தங்கை ஏற்பாடு செய்த அந்த விருந்துக்கு, ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹேர்க் பாட்டுப் போட்டார். பாட்டில் மேளம் மட்டும் வரும் சின்னத் துண்டுக்குத்தான் பெடியள் ஆடுகிறார்கள் என்று கண்டுபிடித்து, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்தத் துண்டை நீட்டுவது அவருடைய உத்தி. மைக்கில் பேசியவர் அப்போது வெறும் துணை ஆள், கூட்டத்தை உசுப்புகிறவர். 1979இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ இசைத்தட்டாக வந்தபோது துணை ஆள் முன்னுக்கு வந்தார். 1982இல் ‘த மெசேஜ்’ தெருவின் வறுமையைப் பாட வந்தது. 1987இல் ரக்கீம் என்ற ராப்பர் வரிமுடிவில் மட்டும் ஓசை பொருந்தினால் போதாது என்று வரியின் வயிற்றுக்குள்ளேயே பொருத்தங்களை அடுக்கினார். சின்ன வயதில் சக்ஸபோன் வாசித்தவர். அத்தான் கும்பிடும் தொண்ணூறுகள் முழுக்க ரக்கீம் வெட்டிய வாய்க்காலில் ஓடிய தண்ணீர்தான்.

பிறகு நடந்ததில் ஒரு நீதிமன்றத்துக்கும் பங்கு உண்டு. 1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் அனுமதி கேட்காமல் பழைய பாட்டுத் துண்டை எடுத்தார் என்று நியூயோர்க் நீதிபதி ஒருவர் ‘திருடாதே’ என்ற வேதவாக்கியத்தோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதோடு பத்து இருபது பாட்டுத் துண்டுகளைக் கலந்து கட்டுவது கட்டுப்படியாகாத செலவு ஆனது. துண்டு இல்லாவிட்டால் மெசின். 1980இல் ரோலன்ட் கம்பனி செய்த 808 என்கிற மேளப்பெட்டி விற்கவில்லை, சில வருடத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதை மலிவு விலையில் வாங்கிய பெடியள் அந்த அடிவயிறு அதிரும் ஒலியைத் தங்கள் சொத்தாக்கினார்கள். அட்லாண்டாவில் வளர்ந்த டிராப் என்கிற ராப் வகை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. அந்த அதிர்வுக்கு மேல் நிறையச் சொல் போட்டால் கேட்காது. இடைவெளி வேண்டும், இழுப்பு வேண்டும், குரலில் நிறம் வேண்டும். 2008இல் கான்யே வெஸ்ட், குரலின் சுருதியைத் திருத்தும் ஓட்டோடியூன் மென்பொருளை வைத்து ஒரு முழு அல்பமும் பாட, ஃபியூச்சர், யங் தக் போன்ற ராப்பர்கள் குரலையே வாத்தியம் ஆக்கினார்கள். ஸ்பொட்டிஃபை இசைச் செயலியில் 30 செக்கன் கேட்டால்தான் ஒரு தரம் கேட்டதாகக் கணக்கு, அதனால் முன்னிசை சுருங்கியது, பல்லவி முன்னுக்கு வந்தது. இதில் குப்பையும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. தொண்ணூறுகளிலும் குப்பை இருந்தது. அது மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

அத்தானிடம் கேட்க உனக்கு ஒரு கேள்வி தருகிறேன். தொண்ணூறுகளில் கசெட் பதியும் கடையில் கொப்பிக்குக் கொப்பி எடுத்த டேப்பில் டூபாக்கைக் கேட்டபோது அவருக்கு எத்தனை வரி விளங்கியது? எங்கள் தலைமுறையில் யாருக்கும் விளங்கவில்லை. கொம்ப்டன் எங்கே, அங்கே பொலிஸ் என்ன செய்தது, ஒன்றும் தெரியாது. சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் வளர்ந்த பெடியளுக்கு அந்தக் குரலில் இருந்த கோபம் மட்டும் விளங்கியது. பிகியின் கதைகள் விளங்க ஆங்கிலம் வேண்டும். டூபாக்குக்குக் காது போதும். முச்சக்கர வண்டி ஸ்டிக்கரின் காரணம் அதுதான். சொல் விளங்காமல் குரலைக் கேட்டு வளர்ந்தவர் இன்றைக்கு ஃபியூச்சரைப் பார்த்துச் சொல் விளங்கவில்லை என்பது நியாயமா?

சரி, தமிழுக்கு வருவோம். தமிழில் மோதல் இல்லை என்று யார் சொன்னது? வில்லிபுத்தூரார் வாதில் தோற்றவர்களின் காதை அறுப்பார் என்பது கதை. கடைசியில் அருணகிரிநாதர் தகர எழுத்து மட்டும் வரும் ஒரு பாட்டைப் பாடிப் பொருள் கேட்க, மனுசன் மடங்கிவிட்டார். அருணகிரி காதை அறுக்கவில்லை. காளமேகத்தின் வசைகளைச் சொல்லவே வேண்டாம். நமக்குத் தெற்கே மட்டக்களப்புப் பக்கம் கொம்புமுறி விளையாட்டில் ஊரே வடசேரி, தென்சேரி என்று பிரிந்து மாறி மாறி வசைக்கவி பாடும். சிங்களத்தில் வாத பைலா என்று மேடையிலேயே தலைப்புக் கொடுத்து உடனுக்குடன் கட்டிப் பாட விடுவார்கள். மலேசியாவில் ராப்பர் யோகி பி 2006இல் ‘வல்லவன்’ அல்பம் போட்டபோது தமிழ் ராப்பும் இந்த வழியில் வரும் என்று எதிர்பார்த்தேன். நம் நாட்டு ராப்பர் ஆரியன் தினேஷ் கனகரத்தினம் 2013இல் ‘கடல்’ படத்தில் பாடினார். அங்கேதான் சிக்கல். தமிழில் ராப் பெரும்பாலும் படத்துக்குள் வாழ்கிறது. கதாநாயகனுக்காகப் பாடுகிறவன் தன் பெயரில் யாரோடு சண்டை பிடிப்பது? நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று பேரும் ஒரே சந்தையில் நிற்கிற பட்டினம் இது. ஒருவனை மேடையில் திட்டினால் அவனோடு நிற்காது, அவன் இனமும் சமயமும் வந்து வரிசையில் நிற்கும். எனவே இங்கே யாரும் அவசரப்பட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

உன் எட்டு வரிகளுக்கு வருகிறேன். ஏழு வரி ‘வந்தேன், நின்றேன், கண்டேன், சொன்னேன்’ என்று முடிகிறது. ஆங்கிலத்தில் வரிமுடிவில் ஓசை பொருத்துவது உழைப்பு. தமிழில் வினை கடைசியில் வருவதால் அது சும்மா கிடைக்கும். சும்மா கிடைப்பதற்கு யார் கைதட்டுவார்? நம் கோணேசர் கோயிலில் நீ சின்ன வயதில் பாடமாக்கிய சம்பந்தர் தேவாரத்தை எடு. நான்கு அடியும் நிரைகழல், வரைகெழு, கரைகெழு, குரைகடல் என்று தொடங்கும். முதலெழுத்து நாலும் குறில், இரண்டாம் எழுத்து நாலும் ‘ரை’. பொருத்தம் வரியின் வாசலிலேயே நிற்கிறது, அடி விழும் இடம் அதுதான். ரக்கீம் 1987இல் வரிக்குள் தேடியதில் ஒரு பங்கு நமக்கு ஏழாம் நூற்றாண்டிலேயே கிடைத்திருக்கிறது. அப்புறம், ஆங்கில ஃபுளோவை, அதாவது சொல் ஓட்டத்தை, அப்படியே எடுத்து நெடிலை எல்லாம் குறிலாக நசுக்காதே. உன் ஐந்தாவது வரியில் ‘காலம்’ ‘கலம்’ ஆகிவிட்டது. நெடிலுக்கு உரிய நேரம் கொடுத்தும் வேகம் போகலாம். திருப்புகழை யாராவது ஓடவிட்டுப் பாடும்போது கேட்டுப் பார்.

மூன்றாவது வரி மட்டும் நல்ல வரி: ‘வலை காயுற கரையில விலை பேசுறான் தரகன்’. வலை–விலை, கரை–தரகன் என்று அது தானாகவே உள்ளுக்குள் மோதுகிறது, ஆளையும் இடத்தையும் காட்டுகிறது, ‘நான்’ என்ற பெருமையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் வெட்டிவிட்டுத் திரும்ப எழுதி அனுப்பு. பீட்டைப் பற்றி அதற்குப் பிறகு கதைப்போம்.

அன்புடன்,
அண்ணா